நாற்பத்திரண்டாம் கூட்ஸ்

ஜனவரி 19

அன்புள்ள கண்ட்ரோலுக்கு,

இப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வருமோ என்னவோ. வந்தால் வரட்டும், ஏழு வருஷமாகக் கூப்பிட்டுப் பழகிவிட்டது.

நான் கூப்பிட்டால் நீ போன் எடுப்பதில்லை. உன் அண்ணன் கூப்பிட்டால் மட்டும் எடுத்து "ம்", "சரி", "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாயாம். சரி, எழுதியே பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன். பல்செட் செய்கிறவள் பல் அளவுச் சீட்டைத் தவிர வேறு எதை எழுதப் போகிறேன்? கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

போன சனிக்கிழமை நம் கும்பலோடு மாடியில் பொம்மை ரயில் ஓட்டினோம். நீ மாற்றலாகிப் போனபின் இதுதான் முதல் தடவை. கீழே ஸ்டோர் ரூமில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், உன் நாற்காலியில் உன் அண்ணன் கண்ட்ரோலராக உட்கார்ந்தார். கூத்தைக் கேள். கண்ட்ரோலர் ரயிலைக் கண்ணால் பார்க்கக் கூடாது, போனில் வரும் தகவலையும் தாளில் எழுதியதையும் வைத்தே நடத்த வேண்டும் என்பது நாம் வைத்த சட்டம் இல்லையா? இவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாடிப்படி ஏறி எட்டிப் பார்த்தார். "சும்மா, தண்ணி குடிக்க வந்தேன்" என்றார். தண்ணீர்ப் பானை கீழேதான் இருக்கிறது.

நம் மாடிக் கடிகாரம் நான்கு மடங்கு வேகமாக ஓடும் என்பதும் அவருக்கு மறந்துபோனது. கைக்கடிகாரத்தைப் பார்த்து அனுமதி கொடுத்துக்கொண்டே இருந்தார். விளைவு, பாலத்தடி ஸ்டேஷனுக்கும் ஆலைமுனை ஸ்டேஷனுக்கும் நடுவே ஒற்றைத் தடத்தில் நர்ஸக்காவின் பாசஞ்சரும் பஸ் டிரைவரின் எக்ஸ்பிரஸும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. யார் பின்னால் போவது என்று சண்டை. "நாள் பூரா பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்து எடுத்துத்தான் கழுத்து போச்சு, இங்கயும் ரிவர்ஸா?" என்று டிரைவர் கட்டுப்படுத்தும் கருவியை மேசையில் வைத்துவிட்டார். பேக்கரிக்காரர் வேகன்கள் நிற்கும் தன் யார்டை விட்டு நகராமல், "நான் ஒரு வேகனையும் வெளிய விடமாட்டேன், உங்க பாடு" என்று சொல்லிவிட்டார். ஆறு மணிக்கு மொத்தமாகச் சுவிட்சை அணைத்துவிட்டு பன் சாப்பிட்டோம்.

வா என்று கூப்பிடவில்லை, ஐந்நூறு கிலோமீட்டர் எனக்கும் தெரியும். எப்படித்தான் இத்தனை வருஷம் இந்தக் கும்பலைக் கட்டி மேய்த்தாய் என்று மட்டும் எழுது. உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

உன் அண்ணி


ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. மூக்கோடு மூக்கு முட்டிய இடத்தில் சிரித்துவிட்டேன், மறைக்கவில்லை.

இங்கே ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், மடக்கு மேசை ஒன்று. மருந்தகம் பெரியது. எட்டுப் பேர் வேலை செய்கிறோம்.

அண்ணனிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு வரி. கிளம்பியதும் நேரம், சேர்ந்ததும் நேரம். ஓட்டுகிறவர் போனில் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, அவர் "ஆமா" என்ற பிறகுதான் எழுத வேண்டும். "சேர்ந்தது" என்ற கட்டம் காலியாக இருந்தால் ரயில் இன்னும் தடத்தில் இருக்கிறது என்று பொருள். யார் என்ன சொன்னாலும் அடுத்த ரயிலை விடக்கூடாது. இவ்வளவுதான் வித்தை. நான் அதைச் சரியாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் ஏன் போன் எடுப்பதில்லை தெரியுமா? நவம்பர் மாதம் வெளியூர்ப் பொம்மை ரயில் குழுவினர் நம் மாடி ரயில் லேஅவுட்டைப் பார்க்க வந்தார்களே, அந்தச் சனிக்கிழமைதான் காரணம்.

நீங்கள் ஓட்டிய நாற்பத்திரண்டாம் கூட்ஸ் பாலத்தடியை விட்டுக் கிளம்பியது என்று எழுதியிருந்தேன். சேர்ந்த கட்டம் காலி. எக்ஸ்பிரஸைப் பாலத்தடியில் நிறுத்தி வைத்தேன். மாடிக் கடிகாரப்படி ஒன்றரை மணி நேரம். மேலே அந்தக் கண்ணாடிக்கடைக்காரர், அவர்களுடைய தலைவர், "லைன் காலியா கெடக்கு, எதுக்குங்க எல்லாரும் நிக்கிறீங்க?" என்று சிரித்தது போனில் எனக்கே கேட்டது. நான் உங்களைக் கேட்டேன், நாற்பத்திரண்டு எங்கே என்று. "அது வந்து எவ்ளோ நேரமாச்சு, நான்தான் சொன்னேனே!" என்றீர்கள்.

நான் அதை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்றுதான் பார்க்கிறேன். முடியவில்லை. எப்போது சொன்னீர்கள் அண்ணி? நீங்கள் சொன்னபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. முன்னும் பின்னும் எல்லாம் எழுதியிருக்கிறேன், அது மட்டும் இல்லை. எனக்கு டாக்டர்கள் போனில் மருந்து சொல்கிறார்கள் அண்ணி. அதையும் நான் இப்படித் தவறவிட்டால்?

அதனால்தான் முக்கியமானதை எழுத்தில் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் கேட்கிறேன். உங்களிடமும்.

நாத்தனார்


பிப்ரவரி 3

கண்ட்ரோலுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ கேட்டதற்கு...

அதை அப்புறம் எழுதுகிறேன். இங்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஒரே வாரத்தில் ஒன்பது பல்செட். மிஞ்சிய பிளாஸ்டரில் ஆலைமுனைக்குப் பின்னால் ஒரு குன்று எழுப்பியிருக்கிறேன். அதில் பல் அச்சு ஒன்று தெரியாமல் சேர்ந்துவிட்டது, சரியான வெளிச்சத்தில் பார்த்தால் குன்று இளிக்கிறது. உன் அண்ணன் அதற்கு "மாமியார் மலை" என்று பெயர் வைத்திருக்கிறார். யார் மாமியார் என்று நான் கேட்கவில்லை.

காது விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. யாருக்குத்தான் ஒரு நாள் கவனம் பிசகாது? இது விளையாட்டு. பொம்மை ரயில். ஏதோ ஒரு சனிக்கிழமை, ஏதோ ஒரு கூட்ஸ். அதையா மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுமப்பது?

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணிக்கு,

விளையாட்டு என்கிறீர்கள். ஒரு வேகன் யார்டில் தவறான தடத்தில் நின்றதற்காக பேக்கரிக்காரரிடம் நீங்கள் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தீர்களே, அப்போது இது விளையாட்டாக இல்லை.

நேற்று காது டாக்டரிடம் காட்டினேன். இருட்டுப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சின்னச் சின்னச் சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். "உங்க காதுக்கு ஒண்ணுமே இல்லம்மா, எனக்கு இப்படி இருந்தா நல்லாருக்கும்" என்றார் அவர். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு அழுகை வந்துவிட்டது. காதில் கோளாறு இல்லை என்றால் கோளாறு தலையில்தானே?

டாக்டர்கள் மருந்து சொன்னால் இப்போது மூன்று தடவை சொல்லச் சொல்கிறேன். எனக்கு இங்கே "மூணு தடவை மேடம்" என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை, ஆனால் அதுதான் என் காது நன்றாகக் கேட்கிறதே.

இன்னொன்று. எங்கள் தலைமை மருந்தாளுநர் ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். அந்தப் பொறுப்பை எனக்குத் தர வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். பதினாறு வருஷமாக நான் ஆசைப்பட்ட இடம். உங்களுக்குத் தெரியும், அண்ணனுக்குக்கூடத் தெரியாது. வேண்டாம் என்று எழுதி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன். ஏழு பேருக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, யாரோ சொன்னது என் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் திண்டாட என்னால் முடியாது.

குன்றுக்குப் பெயர் நன்றாக இருக்கிறது.

நாத்தனார்


பிப்ரவரி 13

அன்புள்ள கண்ட்ரோலுக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். இருபதாம் தேதிக்கு முன் உன் கையில் இருக்க வேண்டும். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

நான் உன்னிடம் சொல்லவில்லை. நாற்பத்திரண்டாம் கூட்ஸ் வந்துவிட்டது என்று நான் உனக்குச் சொல்லவே இல்லை. உன் காது, தலை, தாள் மூன்றும் சரி. நான் பொய் சொன்னேன்.

நடந்தது இதுதான். கூட்ஸ் பாலத்தடியைத் தாண்டி வளைவில் போகும்போது டேங்கர் வேகன் தடம் புரண்டது. வெளியூர்க்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிஷம் முன்னால்தான் கண்ணாடிக்கடைக்காரரிடம், "எங்க லேஅவுட்ல தடம் புரள்றதே கிடையாது" என்று பீற்றிக்கொண்டிருந்தேன். கை பரபரத்துவிட்டது. எஞ்சினையும் ஏழு வேகனையும் அப்படியே அள்ளித் தூக்கி, ஆலைமுனைக் கிளைத் தடத்தில் வைத்துவிட்டேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. தடம் புரண்டால் உனக்குச் சொல்ல வேண்டும், நீ நேரம் குறித்துக்கொண்டு அனுமதி தந்த பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவளே நான்தான்.

உடனே போனில் "வந்தாச்சு" என்று சொல்லியிருந்தால், "அதுக்குள்ள எப்படி வந்துச்சு?" என்று கேட்டிருப்பாய். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்கும். கூட்ஸ் ஓடி வருவதற்கு ஆகும் நேரம் ஆகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஒருவர் என் குன்றுகளைப் புகழ ஆரம்பித்துவிட்டார். எதில் செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். பல்செட் பிளாஸ்டர் என்றேன், அவர் வாயைப் பிளந்தார். அந்தக் குளிர்ச்சியில் உன்னை மறந்தே போனேன்.

நீ கேட்டபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "சொன்னேனே" என்று வாயில் வந்துவிட்டது. வந்ததை விழுங்கத் தெரியவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் பயமாகிவிட்டது. அப்புறம் உனக்கு மாற்றல் வந்தது. ஒருவகையில் தப்பித்தோம் என்றுகூட நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பாதி பொய்யாகிவிடும்.

நீ இதை மறந்திருப்பாய் என்று நிஜமாகவே நம்பினேன். நீ காது டாக்டரிடம் போவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் டிராயரில் இருக்கும் அந்தத் தாளைக் கொடுத்துவிடாதே.

உன் அண்ணி


பிப்ரவரி 17

அண்ணி,

மூன்று மாதம். பேருந்தில் நடத்துனர் சொன்ன நிறுத்தம் சரியா என்று பக்கத்து சீட்டில் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரம்மா "கதவைச் சாத்திட்டு வா" என்றதை மூன்று தடவை கேட்டு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்னை நானே சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு ஓய்ந்துபோனேன். எல்லாம் ஒரு டேங்கர் வேகனுக்காக.

நல்ல வேளை ஐந்நூறு கிலோமீட்டர் இருக்கிறது. இல்லாவிட்டால் மாமியார் மலையைத் தரைமட்டம் ஆக்கியிருப்பேன்.

எனக்கு மட்டும் சொன்னால் போதாது. அன்றைக்கு அந்த அறையில் யார் யார் இருந்தார்களோ அத்தனை பேரிடமும் சொல்லுங்கள். அந்தக் கண்ணாடிக்கடைக்காரரையும் சேர்த்துத்தான். அவர் சிரித்தது இன்னும் கேட்கிறது.

தாளைக் கொடுக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறேன். சந்தேகம் ஒரு நாளில் வந்ததுபோல் ஒரு நாளில் போய்விடாது.

நாத்தனார்


பிப்ரவரி 27

அன்புள்ள கண்ட்ரோலுக்கு,

சொல்லிவிட்டேன்.

வெளியூர்க் குழுவைத் திரும்பக் கூப்பிட்டால் வருவார்களோ என்று இருந்தது. நான்கு பேரும் வந்தார்கள். ரயில் ஓடும் என்று நினைத்து வந்தவர்களை மேசையைச் சுற்றி உட்கார வைத்து, அன்றைக்குக் கூட்ஸைத் தூக்கி வைத்த மாதிரியே இன்னொரு தடவை தூக்கி வைத்துக் காட்டினேன். பிறகு உன்மேல் பழி போட்டதையும் சொன்னேன். பேக்கரிக்காரர் மூடியைத் திறந்தபடியே பன் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார், யாரும் எடுக்கவில்லை.

முதலில் பேசியது கண்ணாடிக்கடைக்காரர். "எங்க வீட்ல நான் வாரம் ஒரு தடவை தூக்கி வெப்பேன். ஆனா அடுத்தவங்க தலையில கட்டினது இல்ல" என்றார். சரியான அடி. வாங்கிக்கொண்டேன். பிறகு அவரே, "அந்தம்மா ஒன்றரை மணி நேரம் எக்ஸ்பிரஸை விடாம நிறுத்தினாங்களே, அதுதான் கண்ட்ரோலர். நான் சிரிச்சது தப்பு, சொல்லிருங்க" என்றார். சொல்லிவிட்டேன். உன் அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காபி போட்டுக் கொடுத்தார். அதில் சர்க்கரை இல்லை, வேண்டுமென்றா மறந்தா என்று கேட்கப் பயம்.

இப்போது கேள். பஸ் டிரைவர் ஒரு யோசனை சொன்னார். நாங்கள் யாரும் இதை யோசிக்காமல் மந்தமாக இருந்துவிட்டோம். "அவங்க கீழ ரூம்ல உக்காந்தப்பவும் ஒண்ணையும் பாத்ததில்ல. போனும் தாளும் தானே? அது எந்த ஊர்ல இருந்தா என்ன?" என்றார். உடனே நாள் குறித்துவிட்டோம்.

மார்ச் 11 சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. மாடியில் போனை ஸ்பீக்கரில் போட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட ஏற்பாடு. நீ எடுத்தால் ஓட்டுவோம். எடுக்காவிட்டால் அன்றைக்கு உத்தரத்துக்கு ஒட்டடை அடிப்போம். உன் இஷ்டம்.

உன் அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் அங்கே என் குரலைத்தான் கேட்டீர்கள். இங்கே எப்படி இருந்தது என்று எழுத வேண்டும் போலிருக்கிறது.

ஒரு மணிக்கே கட்டிலில் போர்வையை இழுத்து இறுக்கி, தாள்களைப் பரப்பிவிட்டேன். பென்சில் நான்கு. நான்கு மடங்கு வேகமாக ஓடும் கடிகாரத்துக்கு எங்கே போவது? நீங்கள் அங்கே ஓட வைத்ததும் நேரம் சொல்லுங்கள், நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "விருந்தாளி வர்றாங்களா?" என்றார். "ரயில் வருது" என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு மணிக்குப் போன் மணி அடித்தது. எடுக்காமல் விட்டுவிடலாமா என்று மூன்றாவது மணி வரை நினைத்தேன். எடுத்தேன். "கண்ட்ரோல், யார்டு பேசறேன், பதினொண்ணு ரெடி" என்றார் பேக்கரிக்காரர், ஏதோ போன வாரம்கூடப் பேசியதுபோல. நான் திருப்பிச் சொன்னேன். "ஆமா" என்றார். எழுதினேன். அவ்வளவுதான். நான்காவது ரயிலுக்கு மேல் எனக்கு அறையே மறந்துவிட்டது. பாலம், வளைவு, ஆலைமுனை எல்லாம் கட்டில்மேலே இருந்தன.

மூன்று மணிக்குமேல் நர்ஸக்கா, "கண்ட்ரோல், நான் பாலத்தடியில இருக்கேன்ங்க, ரொம்ப நேரமா" என்று மெதுவாகச் சொன்னாரே, அப்போது பழையபடி ஆகிவிட்டது என்றே நினைத்தேன். தாளைப் பார்த்தேன். அவருடைய பாசஞ்சர் பாலத்தடி சேர்ந்த நேரம் அங்கே இருந்தது, என் கையெழுத்தில், தெளிவாக. அவர் சொல்லியிருக்கிறார், நான் கேட்டிருக்கிறேன், திருப்பிச் சொல்லி எழுதியும் இருக்கிறேன். பிறகு பஸ் டிரைவர் எக்ஸ்பிரஸுக்கு வழி கேட்டு அவசரப்படுத்தியதில் பக்கத்தைப் புரட்டி, பாசஞ்சரை அப்படியே மறந்துவிட்டேன். யாரும் எதையும் மறைக்கவில்லை. தப்பு மொத்தமும் என்னுடையது.

அதற்குத்தான் அண்ணி அப்படிச் சிரித்தேன். அழுகிறேன் என்று அண்ணன் பயந்துபோய், "என்னம்மா ஆச்சு? வெச்சிடவா?" என்று கேட்டார். வைக்காதீர்கள் என்றேன். பாசஞ்சருக்கு வழி விட்டேன், நர்ஸக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன், "தாமதம், காரணம் கண்ட்ரோல்" என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதமாகச் செய்யாத தப்பைத் தேடித் தேடிக் களைத்தவளுக்கு, செய்த தப்பைக் கண்ணெதிரே பார்த்தது எவ்வளவு நிம்மதி தெரியுமா? அடுத்த ரயிலிலிருந்து நிற்கும் வண்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட ஆரம்பித்தேன். அதன்பிறகு ஒன்றும் மறக்கவில்லை.

உங்கள்மேல் இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. ஏப்ரல் வரைக்கும் வைத்துக்கொள்ளப் போகிறேன், அதற்குமேல் என்னால் ஆகாது.

நேற்று தலைமை மருந்தாளுநரிடம் போய் ஒப்புக்கொள்கிறேன் என்றேன். "வேண்டாம்னுதானே இருந்தீங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை ஒரு தப்பு பண்ணினேன் சார்" என்றேன். "நான்தான் பண்ணினேன்."

அவர் படிவத்தை என் பக்கம் நகர்த்தி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

உங்கள் கண்ட்ரோல்